எண்ணூறு பூட்டும் ஒரு பாதி வாக்கியமும்

காரைமேட்டில் ரகசியத்தைக்கூடக் கத்தித்தான் சொல்வார்கள், ஏனென்றால் வீட்டுக்கு நாலு விசைத்தறி இரவும் பகலும் டடக் டடக்கென்று அடித்துக்கொண்டிருக்கும் ஊரில் மெல்லப் பேசினவன் பேச்சு அவன் காதுக்கே எட்டாது, பிள்ளையைக் கொஞ்சுவதும் பெண் கேட்பதும் சாவு சொல்வதும் அங்கே ஒரே உச்சத்தில்தான் நடக்கும், அப்படிப்பட்ட ஊரில் ஒருத்தர் வாயை மூட வேண்டும் என்றால் அவரைவிடப் பெரிதாகக் கத்தி மூட முடியாது, முனியப்பனிடம்தான் போக வேண்டும்.

முனியப்பன் ஊருக்கு வடக்கே, கருவேலங்காட்டை ஒட்டி, ஓங்கிய அரிவாளும் உருட்டிய விழியுமாகப் பன்னிரண்டடி உயரத்துக்கு உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் வரிசையாக நட்ட வேல்களுக்கு நடுவே இரும்புச் சங்கிலிகளை இழுத்துக் கட்டியிருந்தார்கள். பங்காளியின் பேச்சு நிற்க வேண்டுமா, சாட்சிக்காரன் நாக்கு எழக் கூடாதா, பக்கத்து வீட்டுக்காரியின் வாய் அடங்க வேண்டுமா, ஒரு பூட்டை வாங்கிக்கொண்டு மூன்று சுற்றுச் சுற்றி, வேண்டியதை மனசுக்குள் சொல்லி, சங்கிலியில் பூட்டி, சாவியைக் கோயில் கிணற்றில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். சாவியைக் கிணற்றில் போடுவது எதற்கென்றால், பின்னால் ஒருநாள் மனசு இளகினாலும் திறக்க முடியாமல் இருக்கத்தான். பூட்டத் தெரிந்த ஊர், திறக்க ஒரு வழி வைக்கவில்லை, ஏன் வைக்கவில்லை என்று எந்த ஆம்பளையும் எந்தப் பொம்பளையும் கேட்கவும் இல்லை. அப்படி எண்ணூறு சொச்சம் பூட்டுகள் அந்தச் சங்கிலிகளில் காய்த்துத் தொங்கின.

இந்த ஊரில்தான் ருக்குமணி பதினோரு வருஷமாகப் பேசாமல் இருந்தாள்.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் அது நடந்தது. அவள் புருஷன் செங்கோட்டுவேலும் நாத்தனார் பாவாயியும் சேர்ந்து, முன் ரூமில் கிடக்கும் ருக்குமணியின் தையல் மிஷினைத் தூக்கி மாடிப்படிக்கு அடியில் போட்டுவிட்டு அந்த இடத்தில் ஐந்தாவது தறியை இறக்குவது என்று முடிவு பண்ணிவிட்டு அவளிடம் சொன்னார்கள். கேட்கவில்லை, சொன்னார்கள். பாவாயி, "வாய் மட்டும் இவளுக்கு வண்டலூர் வரைக்கும் நீளுது, இந்த வாய்க்கு முனியப்பங்கிட்ட ஒரு பூட்டுப் போட்டாத்தான் அடங்குவா" என்றும் சொன்னாள். ருக்குமணி கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "இந்த வீட்டுல எனக்குன்னு ஒரு" என்றாள். அதற்கு மேல் வரவில்லை. ஒரு என்ன என்று அன்றைக்கும் தெரியவில்லை, மறுநாளும் தெரியவில்லை. சேலத்துக் காது மூக்குத் தொண்டை டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டுத் தொண்டை சுத்தமாக இருக்கிறது என்றார். எழுதிக் காட்டச் சொன்னார்கள், பேனா 'ஒரு' வரைக்கும் எழுதியது, அப்புறம் மை இறங்கவில்லை, நாலு பேனா மாற்றியும் இறங்கவில்லை. ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. யாரோ பூட்டிட்டாங்க போல என்றது, ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் அளவை விரலால் காட்டப் பழகிக்கொண்டார்கள், ஐந்தாவது தறி முன் ரூமில் இறங்கி ஓட ஆரம்பித்தது.

செங்கோட்டுவேல் கெட்டவர் இல்லை, அதுதான் இதில் வயிற்றெரிச்சல். முப்பது வருஷத் தறி அவர் காதில் பாதியைத் தின்றிருந்தது, மிச்சம் பாதியை அவர் தன் குரலைக் கேட்கவே செலவழித்தார். ஆனாலும் அந்தப் பாதி வாக்கியம் அவரைத் தூங்கவிடவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் எதையாவது வாங்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்து, "இதுவா?" என்பார். ஒரு மிக்ஸி. அவள் தலையை ஆட்டிவிடுவாள். ஒரு பட்டுப்புடவை, ஒரு டேபிள் ஃபேன், ஒரு பீரோ, ஒரு வருஷம் ஒரு பசுமாடு. எல்லாவற்றுக்கும் அதே தலையாட்டல், மாட்டுக்கு மட்டும் கொஞ்சம் சிரிப்பு. "எந்தக் கடையிலதான்டி இருக்குது அது?" என்று அவர் கத்துவார், கத்தும்போது குரல் உடையும்.

அவர்கள் பெண் கோகிலவாணிக்கு அப்போது பத்து வயது, அம்மாவின் பேச்சு நின்ற அந்தச் சாயங்காலம் அவள் வீட்டில் இல்லை. வளர்ந்து சட்டக் கல்லூரியில் நாலாம் வருஷத்துக்கு வந்தபோது வீட்டில் பேச்சு நின்றுபோன பங்கையும் சேர்த்து அவளே பேசிக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் கண்டக்டரோடு, ஹாஸ்டலில் வார்டனோடு, வகுப்பில் புரொபசரோடு, ஆள் கிடைக்காவிட்டால் போஸ்டரோடு. "அம்மா, அன்னைக்கு நீ கேட்டது ஒரு ரூமாம்மா?" என்று அவளும் கேட்டிருக்கிறாள். ருக்குமணி இல்லை என்று தலையை ஆட்டி, அவள் கன்னத்தில் லேசாக ஒரு தட்டு தட்டுவாள். கோகிலாவின் அலமாரியில் திருவிழாக் கடையில் வாங்கிய ஒரு பழைய டைரி இருந்தது, அட்டையில் மயில் படம், பக்கத்தில் கொக்கி, கொக்கியில் மாட்டும் பூட்டு எப்போதோ தொலைந்துபோயிற்று, எழுதினதும் நாலே பக்கம். வெள்ளிக்கிழமைதோறும் அம்மா அதைத் தூசி தட்டி மற்ற புத்தகங்களுக்கெல்லாம் அடியில் வைத்துவிடுவாள்.

பூட்டு திறக்கும் பைத்தியம் கோகிலாவுக்கு ஹாஸ்டலில் பிடித்தது. ரூம் சாவி தொலைந்த அன்று ஒரு பூட்டுக்காரர் வந்து இரண்டு கம்பியை விட்டு, டீ ஆறுவதற்குள் திறந்துவிட்டுப் போனார். அவளுக்கு நன்றிக்குப் பதில் ஆத்திரம்தான் வந்தது. இவ்வளவுதானா? இந்த இத்தனூண்டு கம்பிக்குத் திறக்கிறதையா இருபது வருஷமாக எங்களைச் சுற்றிலும் மாட்டிவைத்திருக்கிறீர்கள்? போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தாள். அம்மாவின் ஓட்டைக் குடையிலிருந்து ஒரு கம்பியை உருவி அரத்தில் தேய்த்து நுனியைக் கொக்கி போல வளைத்தாள், கொண்டை ஊசியை மடக்கி இன்னொன்று. பூட்டுக்கு உள்ளே நாலோ ஐந்தோ குட்டி ஆணிகள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு ஸ்பிரிங். ஒரு கம்பியால் பூட்டைத் திருப்புகிற பக்கமாக லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்றதால் ஆணிகளை ஒவ்வொன்றாகத் தடவ வேண்டும். எல்லா ஆணியும் ஒரே நேரத்தில் அடம் பிடிப்பதில்லை, ஒரு சமயத்தில் ஒன்றுதான் அடம் பிடிக்கும், அது எது என்று கண்டுபிடித்து அதை மட்டும் தூக்கிவிட்டால் 'டிக்' என்று உட்காரும், பிறகு அடுத்தது. பிடியில் பலம் கூடினால் மொத்தமும் இறுகிக்கொள்ளும்.

முதல் பூட்டு திறக்கப் பத்தொன்பது நாள் ஆனது. நடுவில் பாவாயி அத்தையின் பீரோவுக்குள் ஒரு கம்பி முறிந்து மாட்டிக்கொண்டு, அத்தை ஒரு கல்யாணத்துக்கு ருக்குமணியின் பழைய நூல் புடவையைக் கட்டிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

"வக்கீலுக்குப் படிக்கச் சொன்னா திருட்டுக்குப் படிக்கிறா" என்றாள் அத்தை.

"ரெண்டும் ஒரே சிலபஸ்தான் அத்த" என்றாள் கோகிலா.

ஆனால் அவளுக்கு இரண்டு விதி இருந்தது, பூட்டு திறக்கிற விளையாட்டுக்காரர்கள் எல்லோருக்கும் உள்ள விதி, அடுத்தவர் பூட்டைக் கேட்காமல் தொடாதே, எதையாவது காத்துக்கொண்டிருக்கும் பூட்டைத் தொடாதே. அதனால்தான் நாலாம் வருஷ லீவில், வீட்டில் இருந்த ஏழு பூட்டும் திறந்து திறந்து அலுத்துப்போன ஒரு சித்திரைக் காலையில், அவளுக்கு முனியப்பன் நினைவு வந்தது. சாவி இல்லாத பூட்டு, சொந்தக்காரர் திரும்பியே பார்க்காமல் விட்டுப்போன பூட்டு, வெறும் சங்கிலியைத் தவிர எதையும் காக்காத பூட்டு. அப்படித்தான் நினைத்தாள். அந்த ஊரில் பிறந்த ஒருத்தி அப்படி நினைத்திருக்கக் கூடாது.

துருவுக்குத் தையல் மிஷின் எண்ணெயை விட்டு அவள் முதலில் திறந்தது கைப்பிடி அளவு ஒரு பித்தளைப் பூட்டு. அது திறந்த நொடியில், ஊருக்கு நடுவே ரேஷன் கடையில் அரிசி அளந்துகொண்டிருந்த நஞ்சப்பன், படியைக் கையில் பிடித்தபடியே, "நட்டது உங்கப்பன், எங்கப்பன் இல்லை, அந்தக் கல்லை ராத்திரியோட ராத்திரியா ஏழடி தள்ளி நட்டது உங்கப்பன்" என்றார். வரிசையில் நின்றவர்கள் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார்கள். பதினாறு வருஷத்துக்கு முன்னால் வேலிக்கல் வழக்கில் பஞ்சாயத்தார் முன் 'அந்தக் கல்லை' என்று ஆரம்பித்து நின்றுபோன பேச்சு அது என்று வயதானவர்களுக்கு நினைவு வந்தது. எதிராளியான பங்காளித் தம்பி, சித்தப்பா மகன், திருப்பூரில் இருந்ததால் ஒருத்தர் போன் போட்டுக் கொடுத்தார், நஞ்சப்பன் அதையே தம்பியிடம் இன்னொரு தரம் சொன்னார். பிறகு சர்க்கரை அளந்தார்.

இரண்டாவது பூட்டுக்கு ஆரம்பப் பள்ளி வனஜா டீச்சர் ஏழாம் வாய்ப்பாட்டின் நடுவே, "எனக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டம் இல்லை" என்றாள். முப்பது பிள்ளைகளும் ஏழாம் வாய்ப்பாட்டின் அடுத்த வரி என்று நினைத்து, அதே ராகத்தில் திருப்பிச் சொன்னார்கள். டீச்சருக்கு அதற்குள் இரண்டு பிள்ளைகள், ஒரு வீட்டுக் கடன். அவள் புருஷன் சேதி கேட்டு மூன்று நாள் லீவு போட்டு வீட்டில் உட்கார்ந்தார், மூன்றாம் நாள் ஒரு காப்பியைத் தானே போட்டு அவள் முன் வைத்துவிட்டு, "இப்ப?" என்று கேட்டார். "யாரும் கேக்காததுனால யோசிக்கல. இப்பக் கேட்டுட்டீங்கல்ல, யோசிச்சுச் சொல்றேன்" என்றாள் டீச்சர்.

இப்படி ஊர் பழகிக்கொண்டது. பலருக்கு அந்த ஒரு பேச்சு மட்டும்தான் பூட்டில் நின்றிருந்தது, சிலருக்கு மொத்த வாயும். செத்தவர்களுடைய பேச்சு அவர்கள் கடைசியாகப் புழங்கிய இடத்திலிருந்து வந்தது, பிரசவம் பார்த்த பழனாத்தாளின் வாக்கியம் அவள் வீட்டு ஆட்டுக்கல்லிலிருந்து வந்தபோது அதில் மாவாட்டிக்கொண்டிருந்த மருமகள் கையைக் கழுவிக்கொண்டு மரியாதையாக எழுந்து நின்று கேட்டாள். பஞ்சாயத்து ஆபீசிலிருந்து ஆட்டோவில் மைக் கட்டி, பழைய பேச்சு தொண்டைக்கு வருகிறவர்கள் வண்டியை முதலில் ஓரங்கட்டிவிட்டுப் பேசுமாறு கேட்டுக்கொண்டார்கள். மளிகைக் கடையில் பனங்கற்கண்டு தீர்ந்துபோயிற்று. பொண்ணு பார்க்கப் போகிற இடத்தில், "பாக்கிப் பேச்சு ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று சொஜ்ஜிக்கு முன்னாலேயே கேட்டார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் தறியில் வந்தது. யாருக்காவது பாதியில் நின்ற பேச்சு வருகிறது என்றால் முன்னால் இருக்கிற வீட்டில் தறியை நிறுத்துவார்கள், அதைப் பார்த்துப் பக்கத்து வீடு, அதைப் பார்த்து அடுத்த தெரு, அப்படி அந்த ஊர் பிறந்ததிலிருந்து கேட்டறியாத ஓர் அமைதி வாசல் வாசலாக நடந்து வரும், அதற்குள் ஒரே ஒரு குரல் நின்று பேசிவிட்டுப் போகும்.

கோகிலாவுக்கு மூன்றாவது பூட்டிலேயே விளங்கிவிட்டது. கம்பியைக் கீழே வைத்தாள். எண்ணூறு பூட்டையும் ஏற இறங்கப் பார்த்தாள். அதில் ஒன்றுக்குள்ளே அம்மா இருந்தாள்.

பூட்டுக் கடையில் விசாரித்துவிட்டு வீட்டுக்கு ஓடிவந்து அத்தை முன்னால் நின்றாள். "எந்தப் பூட்டு அத்த? பெருசா, சின்னதா, எந்தச் சங்கிலி? சொல்லிருங்க."

"எதுடி?"

"எங்கம்மா வாயைப் பூட்டுன பூட்டு."

பாவாயியின் முகம் செத்துப்போனது. "சொன்னேன், இல்லைங்கல. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஆனா அவளுக்குப் போடலடி. சத்தியமாப் போடல."

"நீங்க பூட்டு வாங்குனதைக் கடைக்காரர் பார்த்திருக்காரு. நான் விசாரிச்சுட்டேன்."

"வாங்குனேன்" என்றாள் அத்தை, அதற்கு மேல் சொல்லவில்லை. கோகிலா அதையே ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டாள்.

நாலாம் நாள் கோயில் கமிட்டி கூடிவிட்டது, பூட்டியவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள், பூட்டப்பட்டவர்கள் பின்னால் நின்றார்கள். நேர்ந்துவிட்ட பூட்டைத் திறப்பது தெய்வக் குற்றம், நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று தீர்மானம். பூசாரி மாரப்பன் திருநீற்றுத் தட்டோடு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"பூட்டெல்லாம் யாரோடதுங்க?" என்று கேட்டாள் கோகிலா.

"சாமிக்குக் குடுத்தாச்சு. சாமியோடது."

"சாமி சட்டப்படி மைனருங்க."

"மைனரா!" என்று கூட்டம் அண்ணாந்து முனியப்பனைப் பார்த்தது. "பன்னண்டடி இருக்காரு, மீசையே ரெண்டு முழம் வருமே, இவரா புள்ள மைனரு?"

"கோர்ட்டு அப்படித்தான் சொல்லுது. எந்தச் சாமியும் பதினெட்டு வயசு ஆகாத குழந்தைதான், அதனாலதான் பார்த்துக்கறதுக்குக் கமிட்டின்னு நீங்க இருக்கீங்க. மைனரோட போட்ட ஒப்பந்தம் செல்லாது. அப்ப இந்த எண்ணூறும் செல்லாது. பச்சக் கொழந்த கையில கொண்டுபோய் உங்க பங்காளிச் சண்டையைக் குடுத்தீங்களே, வெக்கமா இல்ல?"

கூட்டத்தில் சிரிப்பு பரவியது. மாரப்பன் சிரிக்கவில்லை, தட்டில் இருந்த கற்பூரத்தை நகர்த்தி வைத்தார்.

"சரிங்க வக்கீலம்மா. செல்லாத ஒப்பந்தம்னா பூட்டு தானா திறந்துக்க வேணுமே? நீ எதுக்குக் கம்பியை வெச்சுக்கிட்டு வேகாத வெயில்ல உக்காந்திருக்கே?"

கோகிலா வாயைத் திறப்பதற்குள், அவளுக்குப் பதிலாகப் பின்னால் இருந்து வனஜா டீச்சர், "எது செல்லும் செல்லாதுன்னு அப்புறம் பேசிக்குங்க. திறக்கட்டும். என் பேச்சு எனக்கு வந்துருச்சு. மத்தவங்களுக்கும் வரட்டும்" என்றாள். பின்வரிசை முழுக்க ஆமாங்க ஆமாங்க என்றது, அதில் பேச முடியாதவர்கள் கையைத் தூக்கினார்கள், தூக்கிய கைகளைப் பார்த்துக் கமிட்டியே பயந்துபோனது, இத்தனை பேரா என்று. கடைசியில் காலை ஏழிலிருந்து ஒன்பது வரைக்கும் திறக்கலாம், அந்த நேரம் ஊரில் தறி ஓடாது என்று முடிவாயிற்று.

நாற்பது நாள் திறந்தாள். கட்டைவிரல் காய்த்துப்போனது. ஒவ்வொரு பூட்டுக்கும் ஊரில் எங்கோ ஒரு பேச்சு எழுந்தது, சில பெரிய நியாயங்கள், பல சின்ன வருத்தங்கள், "நான் அந்தச் செயினை எடுக்கல", "குழம்புல உப்பு இல்லைன்னு சொல்ல வந்தேன், அவ்வளவுதான்", "என்னையும் கூட்டிக்கிட்டுப் போங்க." ஒவ்வொரு 'டிக்'குக்கும் கோகிலா வீட்டுப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு நிமிர்வாள். ருக்குமணி தினமும் எட்டு மணிக்குத் தூக்குப்போசியில் மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வேப்ப நிழலில் உட்கார்ந்து பித்தான் தைப்பாள், அவள் வாய் திறக்காது.

முப்பத்தெட்டாம் நாள், மற்றப் பூட்டுகளுக்கு அடியில் மறைந்திருந்த பாவாயி அத்தையின் பூட்டு வந்தது, கடைக்காரர் அப்புறம் யோசித்துச் சொன்ன அடையாளம், ஏழு லீவர் பூட்டு, தேங்காய் மூடி அளவு. கோகிலா அம்மாவை எதிரில் உட்காரவைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, முக்கால் மணி நேரம் போராடித் திறந்தாள். அம்மா ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டிருந்தாள், கோத்துக்கொண்டே இருந்தாள். ஊருக்குள் இருந்து, ஓடாத தறிகளின் மேலாக, அத்தையின் பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணுவின் குரல் வந்தது: "என் கோழி என் வீட்லதான்டி முட்ட போடும், உன் வீட்டு முட்டையை நான் எதுக்குடி எடுக்கறேன்?"

கோயில் வாசலில் நின்றிருந்த அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். "முட்டைக்குப் போய் அவ்ளோ பெரிய பூட்டா அத்த?" என்று கேட்ட கோகிலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவளுக்கும் இல்லை, பிடித்த கையை ரொம்ப நேரம் விடவில்லை.

நாற்பதாம் நாள் காலையில் ஒரே ஒரு பூட்டு மிச்சம் இருந்தது. அதைக் கடைசியாக வைத்திருந்தாள் என்று சொன்னால் சரியாக இருக்காது, அதை அவள் பார்க்கவே இல்லை, கண்ணில் படும்போதெல்லாம் கண் அதைத் தாண்டிப் போய்விட்டது. எல்லாவற்றுக்கும் கீழ்ச் சங்கிலியில், ஒரு பத்து வயசுப் பிள்ளையின் கைக்கு எட்டுகிற உயரத்தில், வெற்றிலை வடிவத்தில், ரோஸ் பெயிண்ட் உரிந்து, கட்டைவிரல் நகம் அளவுக்கு.

டைரிப் பூட்டு.

அப்போது அவளுக்கு எல்லாமே நினைவு வந்தது. அஞ்சாவது படிக்கையில், கால் பரீட்சைக்கு முதல் நாள், அப்பா கத்த, அத்தை கத்த, அம்மா பதிலுக்குக் கத்த, தறி கத்த, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு படித்தவள், அன்று சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் டைரிப் பூட்டை எடுத்துக்கொண்டு கூட்டாளிப் பிள்ளைகளோடு கோயிலுக்குப் போய் மூன்று சுற்றுச் சுற்றிச் சொன்னாள்: 'முனியப்பா, எங்க வீட்ல சண்டச் சத்தமே கேக்கக் கூடாது.' யார் வாயையும் பூட்டச் சொல்லவில்லை. யார் பெயரையும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தால் தறி அப்படியே ஓடிக்கொண்டிருந்தது, அப்பா அப்படியே கத்திக்கொண்டிருந்தார், சாமி பொய் என்று நினைத்து மறந்துவிட்டாள். அம்மாவுக்குத் தொண்டைக் கட்டு என்றார்கள்.

கோகிலா எழுந்து நின்று முனியப்பனைப் பார்த்தாள். நாற்பது நாளும் எண்ணூறு பேருக்காகவும் வாதாடிய தொண்டையால் கத்தினாள்.

"சண்டை நிக்கணும்னுதானே கேட்டேன்? கத்துனவங்க வாயை விட்டுட்டுப் பதில் சொன்னவ வாயைப் பூட்டுனியே, அது என்ன நியாயம்? மூணு பேரு கத்துற வீட்ல அவ வாய்தான் உனக்குச் சுலபமாத் தெரிஞ்சுதா? ஊருக்கு இருக்கற அதே புத்திதானா உனக்கும்?"

முனியப்பன் உருட்டிய விழியோடு உட்கார்ந்திருந்தார். மாரப்பன் பூசாரி மெல்ல அவள் பக்கத்தில் வந்து குந்தினார்.

"உனக்கு அப்ப எத்தன வயசு புள்ள?"

"பத்து."

"அவரும் மைனருன்னு நீதான சொன்னே. ரெண்டு கொழந்தைங்க சேர்ந்து ஏதோ பண்ணிட்டீங்க. செல்லாது, தள்ளு. திற."

உட்கார்ந்து கம்பியை விட்டாள். உள்ளே இரண்டே ஆணி. ஏழு லீவரைத் திறந்த கை, ஒரு திருவிழாக் கடைப் பூட்டைத் திறக்க முடியவில்லை. அழுத்தினாள், இறுகியது. விட்டாள், நழுவியது. மறுபடி அழுத்தினாள். கண்ணீர் மூக்கு நுனியில் வந்து நின்றது, துடைக்கக் கை இல்லை. செய்தி போய், ஊர் திரண்டு வந்து கோயிலைச் சுற்றி நின்றது. செங்கோட்டுவேலும் கைலியில் பஞ்சுத் துகளோடு வந்து நின்றார். ஒன்பது மணி தாண்டியது, யாரும் போய்த் தறியைப் போடவில்லை.

ருக்குமணி பித்தானையும் ஊசியையும் வைத்துவிட்டு எழுந்து வந்தாள். பெண்ணுக்குப் பின்னால் உட்கார்ந்து, அவள் மணிக்கட்டின் மேல் இரண்டு விரலை வைத்தாள், மிஷினில் நூல் இழுப்பு கூடித் துணி சுருங்கும்போது திருகைத் தொடுகிற அதே இரண்டு விரல். அழுத்தவில்லை, வெறுமனே வைத்தாள். கோகிலாவின் கையிலிருந்த முறுக்கு ஒரு நூல் இறங்கியது, இன்னொரு நூல் இறங்கியது.

டிக். டிக்.

"வாயி இருக்குது" என்றாள் ருக்குமணி. பதினோரு வருஷம் உள்ளேயே கிடந்ததில் குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது, கோபம் மட்டும் அன்றைக்குக் கத்தரிக்கோலைக் கீழே வைத்த அதே சூட்டில் இருந்தது. "அது பள்ளிக்கூடம் போயிருக்குது. வரட்டும், அவ கேப்பா உங்களை."

காதைச் சாய்த்துக்கொண்டு செங்கோட்டுவேல் பரபரத்தார். "என்னங்கறா? என்ன ஒரு? ஒரு என்ன?"

பாவாயி அவர் காதருகே போய்க் கத்தினாள். "இந்த வீட்டுல எனக்குன்னு ஒரு வாயி இருக்குதுங்கறா. பள்ளிக்கூடம் போயிருக்குதாம். வந்து கேக்குமாம் நம்மள."

மிக்ஸியும் பீரோவும் பசுமாடும் அவர் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போயின. அப்புறம் பெண்ணைப் பார்த்தார்.

கோகிலவாணி திறந்த பூட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அம்மாவின் பக்கம் திரும்பினாள். "நான்தாம்மா. நான்தான் பூட்டுனேன்."

"தெரியும்" என்றாள் ருக்குமணி. "பூட்டு இல்லாத டைரியை வாராவாரம் நாந்தானடி தூசி தட்டறேன்."

"எனக்கு ஏம்மா காட்டல? அதைத் தூக்கி மூஞ்சி முன்னால வெச்சிருக்கலாம்ல?"

"பத்து வயசுப் புள்ள. இதையும் சேர்த்துச் சுமப்பியான்னுதான் அடியில வெச்சேன்." முந்தானையை எடுத்து மகளின் மூக்கைத் துடைத்துவிட்டாள், பிறகு அவள் தோளைப் பிடித்து நேராகத் திருப்பி நிறுத்தினாள். "அழுதது போதும். உங்கப்பன் நிக்கறாரு. அத்தையும் நிக்கறா. கேளு."

கோகிலா ஒரு மூச்சு இழுத்து, கேட்க ஆரம்பித்தாள்.

அன்றைக்குக் காரைமேட்டில் எந்த வீட்டிலும் தறி ஓடவில்லை, கேள்வி அவ்வளவு நீளமாக இருந்தது, ஊரே வெயிலில் நின்று கேட்டது, நடுநடுவே ருக்குமணி விட்டுப்போனதை எடுத்துக் கொடுத்தாள். மறுநாள் விடிந்துதான் டடக் டடக்கென்று ஊர் திரும்பவும் அடிக்க ஆரம்பித்தது. காது கேட்கிறவர்கள் கூர்ந்து கேட்டுவிட்டுச் சொன்னார்கள், செங்கோட்டுவேல் வீட்டில் நாலு தறிதான் ஓடுகிறது, முன் ரூமில் ஓடுகிற சத்தம் வேறே என்று.